டாக்டர் தப்பாக எழுதிய என் நாள்

அன்று சாயங்காலம் என் கட்டிலைச் சுற்றி இருந்தவர்கள் இவர்கள்.

என் மனைவி செண்பகம். கால்மாட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

என் மகள் ரம்யா. தோப்பும்படியில் ஒரு செல்போன் கடையில் வேலை. கடையில் சொல்லிவிட்டுச் சீக்கிரம் வந்திருந்தாள்.

பக்கத்துக் கட்டில் குஞ்ஞப்பன் சேட்டன். கும்பளங்கிக்காரர், மீன் வளர்ப்பவர். இழுப்புக்காகச் சேர்ந்திருந்தார். தன் நோயைவிட அடுத்தவர் நோயில் அவருக்கு அக்கறை அதிகம்.

அனகா டாக்டர். படிப்பை முடித்து ஆஸ்பத்திரியில் ஒரு வருடம் பழகுகிற இளம் டாக்டர்களில் ஒருவர் (ஹவுஸ் சர்ஜன் என்பார்கள்). பாலக்காட்டுப் பெண். தமிழ் பேசுவார், எழுத்துத் தெரியாது. கையில் நாலைந்து தாள் வைத்திருந்தார்.

பிறகு நான். பெயர் சங்கரலிங்கம். கொச்சியில் மட்டாஞ்சேரி பஜாரில் மூட்டை தூக்குகிறவன். நியூமோனியா (நுரையீரலில் நீர் கோத்து வரும் காய்ச்சல்) என்று சேர்த்திருந்தார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது. மறுநாள் காலை வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது.

அனுப்பியிருந்தால் நான் போயிருப்பேன். வீட்டுக்கு இல்லை.

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுதிப் பழக்கம் இல்லை. இதே நோய் வந்தவர்களுக்காக எழுதுகிறேன். வந்திருப்பது தெரியாமல் இருப்பவர்களுக்காகவும்.

*

முதலில் கண் இமை. இடது பக்கம் சாயங்காலமானால் தொங்கும். தூசி என்று நினைத்தேன். மிளகாய், சுக்கு, அரிசி என்று நாள் முழுக்கத் தூசியில் நிற்கிறவனுக்கு வேறு என்ன தோன்றும்.

பிறகு தாடை. வேலை முடிந்து சாயாக் கடையில் பொறாட்டா தின்பேன். பாதி தின்றதும் தாடை நின்றுவிடும். வலி இல்லை. அசையாது, அவ்வளவுதான். கையைத் தாடைக்கு முட்டுக் கொடுத்து அசைத்து மெல்லுவேன். யாரும் பார்க்காதபடி சுவர் பக்கம் திரும்பி உட்காருவேன்.

பிறகு பேச்சு. இருட்டும் நேரத்தில் நாக்கு தடித்தது போல இருக்கும். மூக்கால் பேசுவது போலக் கேட்கும்.

எங்கள் கூட்டத்துக்குத் தலைவர் அஷ்ரஃப் இக்கா (இக்கா என்றால் அண்ணன்). யார் எந்த லாரிக்கு என்று அவர்தான் பிரிப்பார். ஒருநாள் சாயங்காலம் லாரிக்குப் போடும் பலகையில் என் கால் தடுமாறியது. மூட்டையை இறக்கி வைக்கச் சொன்னார்.

"சங்கரா, ஊதிக் காட்டு."

ஊதினேன்.

"மணம் ஒண்ணுமில்லையே. இது எந்த பிராண்டுடா, மணமே வராதது? எங்களுக்கும் சொல்லித் தா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் முகத்தைப் பார்த்து எதிரில் நின்றவன் ஓர் அடி பின்னால் போனான். ஏன் என்று அன்று புரியவில்லை.

என் அப்பா குடித்தே போனவர். நான் தொட்டதில்லை. பஜாரில் எல்லோருக்கும் அது தெரியும். ஆனாலும் நாக்கு குழறி, கண் சொருகி, கால் தடுமாறுகிறவனைப் பார்த்தால் வேறு என்ன நினைப்பார்கள்? செண்பகமும் வாசலில் வைத்து என் வாயை மோந்து பார்த்தாள். ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். அவள் பேசாமல் போனது அதுவே முதல் தடவை.

அடுத்த வாரம் இக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ குடிச்சியோ குடிக்கலையோ, எனக்கு வேண்டாம். பலகையில கால் தப்பினா நீ மட்டும் விழமாட்டே. பின்னால வர்றவனும் விழுவான். சரியாக்கிட்டு வா. உன் இடம் இங்கேயே இருக்கும்."

நியாயம்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன்.

*

அப்புறம் டாக்டர்கள்.

நாங்கள் டாக்டரைப் பார்க்கப் போகிற விதம் ஒன்று உண்டு. வேலை உள்ள நாளில் போக மாட்டோம். வேலை இல்லாத நாளில், நன்றாகத் தூங்கி எழுந்து, குளித்து, சலவைச் சட்டை போட்டு, முதல் படகில் அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போவோம். டோக்கன் வரிசையில் முதல் ஆளாக நிற்போம். ஓய்ந்து கெட்ட உடம்பை வீட்டில் விட்டுவிட்டு, ஓய்வெடுத்த உடம்பைக் கொண்டுபோய்க் காட்டுவோம்.

காலையில் எனக்கு ஒன்றும் இருக்காது. இமை நேராக நிற்கும். பேச்சு தெளிவாக இருக்கும். டாக்டர் என் கையைப் பிடித்துத் தள்ளச் சொல்வார். தள்ளினால் அவர் நாற்காலியோடு நகர்வார்.

"என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் ஓய்ச்சல்."

அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது. சொல்லிப் பழக்கம் இல்லை. ஒருவர் சத்து மாத்திரை கொடுத்தார். ஒருவர் கண்ணாடி எழுதினார். ஒருவர் மனசில் ஏதும் கவலையா என்று கேட்டார். இல்லை என்றேன். யாரையும் குறை சொல்ல மாட்டேன். நான் காட்டியதை அவர்கள் பார்த்தார்கள்.

ஒருநாள் சாயா குடித்தபோது பாதி மூக்கு வழியாக வந்தது. மீதி தப்பான வழியில் இறங்கியது. இரண்டு நாளில் காய்ச்சல், இருமல். அப்படித்தான் வார்டுக்கு வந்தேன்.

*

அந்த ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர்களுக்குக் கதை எழுதும் வகுப்பு ஒன்று நடக்கிறது. முதலில் கேட்டபோது நானும் நம்பவில்லை. டாக்டர்களுக்குக் கதை எதற்கு?

வகுப்பை நடத்துகிறவர் ஒரு மூத்த டாக்டர் அம்மா. எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கொடுக்கும் வேலை இது. ஆளுக்கு ஒரு நோயாளியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அவருடைய ஒரு நாளை, விழித்ததிலிருந்து படுக்கும்வரை, 'நான்' என்று போட்டு எழுத வேண்டும். அந்த நோயாளியே எழுதியது போல. நோயின் பெயர் அதில் வரக்கூடாது. எழுதி முடித்ததும் அந்த நோயாளிக்கே வாசித்துக் காட்ட வேண்டும். அவர் தப்பு என்று சொல்வதைத் திருத்திக்கொண்டுதான் வகுப்புக்கு வர வேண்டும்.

அனகா டாக்டர் என்னைத் தேர்ந்தெடுத்தார்.

"சங்கரேட்டா, எனக்கு ஒரு உபகாரம் செய்யணும். உங்களைப் பத்தி ஒரு கதை எழுதணும்."

"என்னைப் பத்தி என்ன இருக்கு."

"அதைக் கேட்கத்தானே வந்தேன். காலையில எழுந்ததும் என்ன செய்வீங்க?"

"வேலைக்குப் போவேன்."

"வேலை எப்படி இருக்கும்?"

"மூட்டை தூக்குவோம்."

"வேற?"

"எறக்குவோம்."

பக்கத்துக் கட்டிலில் குஞ்ஞப்பன் சேட்டன் சிரித்துச் சிரித்து இருமினார். "டாக்டரே, இவனோட கதை ஒரு பேஜ் வராது. என்னை எழுதிக்கோ. எனக்குக் கதை இருக்கு, மூணு பாகம்."

"நான் பேஷண்ட்டை மாத்தக்கூடாது சேட்டா. டீச்சர் விடமாட்டாங்க."

என்னிடமிருந்து வந்தது அவ்வளவுதான். மீதியை அவர் தாமாக இட்டு நிரப்பினார். அவருக்கு வேறு வழி இல்லை.

*

வாசித்துக் காட்ட வந்தது அந்தச் சாயங்காலம். டியூட்டி முடித்து வந்தார். மலையாளத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தார்.

"நான் சங்கரலிங்கம். காலையில் கண் விழிக்கும்போதே உடம்பு கனக்கிறது. நேற்றுத் தூக்கிய மூட்டைகள் எல்லாம் இன்னும் என் மேல் இருப்பது போல இருக்கிறது. வெயில் ஏற ஏறத்தான் உடம்பு இளகுகிறது. சாயங்காலம் வேலை முடிந்ததும் நான் புது ஆள். கூட்டாளிகளோடு சாயாக் கடையில் பொறாட்டா தின்று, சிரித்துப் பேசிக்கொண்டே வீட்டுக்கு நடக்கிறேன்."

நல்ல தமிழ். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு உள்ளே ஏதோ குத்தியது. என் சட்டையை வேறு யாரோ போட்டுக்கொண்டு நடப்பது போல.

"அது நான் இல்ல," என்றேன்.

"எது தப்பு சங்கரேட்டா?"

"எல்லாம்."

"எல்லாமுமா?" முகம் சுருங்கிவிட்டது. "ஒண்ணொண்ணாச் சொல்லுங்க."

"காலையில கனக்காது. காலையில நல்லாத்தான் இருக்கும். சாயங்காலந்தான் கனம்."

"வேலை செஞ்சதுனாலயா?"

"வேலை செஞ்சா கை வலிக்கும், தோள் வலிக்கும். இது வலியில்ல. கரண்டு போற மாதிரி."

அவர் எழுதினார்.

"பொறாட்டாவும் தப்பு. முழுசாத் தின்ன முடியாது. தாடை நின்னு போகும். கையால தாங்கிப் பிடிச்சுத்தான் தின்பேன்."

செண்பகம் ஆரஞ்சை மடியில் வைத்தாள். "அது எனக்கே தெரியாது."

"சிரிக்கிறதும் தப்பு. சாயங்காலம் நான் சிரிக்க மாட்டேன்."

"ஏன்? வருத்தமா?"

"சிரிப்பு வராது. சிரிச்சா உறுமுற மாதிரி இருக்கும்."

"சத்யமாணு டாக்டரே," என்றார் குஞ்ஞப்பன் சேட்டன். "நேத்து சாயங்காலம் நான் ஒரு தமாஷ் சொன்னேன். இவன் சிரிச்சான். நான் பயந்து நர்ஸைக் கூப்பிட்டேன்."

ரம்யா சிரித்தாள். செண்பகம் சிரித்தாள். அனகா டாக்டர் சிரிக்கவில்லை. பேனா நின்றிருந்தது. என் முகத்தையே பார்த்தார். ஜன்னலில் வெளிச்சம் குறைந்திருந்தது. முதல் தடவையாக ஒரு டாக்டர் என்னைச் சாயங்காலத்தில் பார்க்கிறார்.

அவர் கேட்ட கேள்வி எதற்கும் நான் சரியாகப் பதில் சொன்னதில்லை. தப்பாக எழுதியதால் திருத்தினேன். அவ்வளவுதான் நடந்தது.

"சங்கரேட்டா, தலையை அசைக்காம அந்த ஃபேனைப் பாருங்க. கண்ணைச் சிமிட்டாதீங்க."

பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஃபேன் பாதியாகத் தெரிந்தது. பிறகு இடது கண்ணுக்குத் தெரியவில்லை. இடது இமை இறங்கி மூடிக்கொண்டது.

"ரம்யா, வெளியில நாரங்கா வெள்ளம் விக்கிற கடையில கொஞ்சம் ஐஸ் வாங்கிட்டு ஓடி வா."

எலுமிச்சை ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் வந்தது. டாக்டர் அதைக் கையுறைக்குள் போட்டு முடிந்து, மூடிய இமை மேல் வைத்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். குஞ்ஞப்பன் சேட்டன்கூடப் பேசவில்லை.

எடுத்ததும் கண்ணைத் திறக்கச் சொன்னார். இமை மேலே போனது. காலையில் இருப்பது போல.

"அம்மே," என்றாள் செண்பகம்.

மீன் கெடாமல் இருக்க ஐஸ் போடுவோம். இமைக்கு ஐஸ் போட்டு எழுப்பியதை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. (இது ஒரு சோதனை. இந்த நோயில் குளிர் பட்டால் இமையின் தசைக்குக் கொஞ்ச நேரம் தெம்பு வரும். இது முடிவு இல்லை, நோயைச் சந்தேகிக்க ஒரு வழி. வீட்டில் நீங்களாகச் செய்து பார்த்து முடிவு கட்ட வேண்டாம்.)

"இப்போ மூச்சை நல்லா இழுத்துட்டு, ஒரே மூச்சில எண்ணுங்க. நடுவில மூச்சு வாங்கக்கூடாது. நான் எண்ணினா நாப்பது வரும். நீங்க எவ்வளவு போறீங்கன்னு பார்ப்போம்."

மூச்சை இழுத்தேன். "லாபம்..."

"விளையாட்டு வேண்டாம் சங்கரேட்டா. ஒண்ணுல இருந்து."

"அவருக்கு ஒண்ணே அதுதான் டாக்டரே," என்றாள் செண்பகம்.

கிட்டங்கியில் (சரக்கு வைக்கும் இடம்) முதல் மூட்டைக்கு ஒன்று என்று சொல்ல மாட்டோம். லாபம் என்போம். லாபம், இரண்டு, மூன்று. அப்பா காலத்துப் பழக்கம். எதை எண்ணினாலும் என் வாயில் அப்படித்தான் வரும்.

மறுபடி எண்ணினேன். பதினொன்றில் மூச்சு தீர்ந்தது.

அனகா டாக்டர் முகம் மாறியது. ரம்யாவின் தோளைத் தொட்டுவிட்டு, போனை எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போனார். கதவு திறந்திருந்தது. பேசியது எங்களுக்குக் கேட்டது. மேலே உள்ள டாக்டர், காலையில் ரவுண்ட்ஸில் பார்க்கலாம் என்று சொன்னார் போல.

"இல்லை சார். காலையில பார்த்தா ஒண்ணும் இருக்காது. காலையில அவர் நல்லா இருப்பார். அதுதான் சார் நோய்."

மேல் டாக்டர் ஏதோ கேட்டார். பிறகு, "எண்ணிக்கை பதினொண்ணு சார்" என்றார்.

மேல் டாக்டர் கால் மணி நேரத்தில் வந்துவிட்டார்.

*

நோயின் பெயர் மயஸ்தீனியா கிராவிஸ். (நரம்பு சொல்வது தசைக்குப் போய்ச் சேராது. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே அந்த வழியை அடைத்துவிடுகிறது. வேலை செய்யச் செய்யத் தசை ஓய்ந்துபோகும். ஓய்வு கொடுத்தால் திரும்பும். மீண்டும் ஓய்ந்துபோகும்.) கண், தாடை, தொண்டை என்று வந்து கடைசியில் மூச்சு விடும் தசையைப் பிடிக்கும். என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். டாக்டர்கள் நினைத்தது சரிதான். மறுநாள் மூச்சு நின்றுவிடும் நிலை வந்தது. தொண்டைக்குள் குழாய் இறக்கி வென்டிலேட்டரில் (நமக்காக மூச்சு விடும் இயந்திரம்) போட்டார்கள். வீட்டுக்குப் போயிருந்தால் மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துக்குள் ஆம்புலன்ஸ்கூட நுழையாது.

பிளாஸ்மா மாற்றினார்கள் (ரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதியைப் பிரித்து எடுத்து, கெட்டதை நீக்கி, புதியதைச் செலுத்துவது). மருந்து ஏறியது.

குழாய் இருக்கும்வரை பேச முடியாது. எனக்கு அது பெரிய கஷ்டமாக இல்லை. செண்பகத்துக்குத்தான் கஷ்டம். இத்தனை வருடம் பேசாதவனோடு வாழ்ந்தவள், பேச முடியாதவனைப் பார்த்து அழுதாள்.

அனகா டாக்டர் தினமும் வந்தார். அந்தப் பிரிவில் அவருக்கு வேலை இல்லை. திருத்திய கதையைக் கொண்டுவந்து ஒவ்வொரு வரியாக வாசிப்பார். சரி என்றால் கட்டை விரல். தப்பு என்றால் கட்டிலைத் தட்ட வேண்டும். அதுதான் எங்கள் ஏற்பாடு.

"தாடைக்குக் கையால் முட்டுக் கொடுத்து, சுவர் பக்கம் திரும்பி உட்காருகிறேன்."

கட்டை விரல்.

"இக்கா ஊதச் சொன்னதும் கோபம் வந்தது."

தட்டினேன்.

"கோபம் இல்லையா? அவமானமா?"

கட்டை விரல்.

அவரோடு வந்த இன்னொரு இளம் டாக்டர், ஒரு பையன், கேலி செய்தான். "அனகா, உன் கதைக்கு எடிட்டர் வென்டிலேட்டர்ல இருக்கார்." எனக்குச் சிரிப்பு வந்தது. குழாய் அசைந்து மெஷின் கத்தியது. நர்ஸ் இரண்டு பேரையும் வெளியே விரட்டினார்.

ஒருநாள் ஒரு வரி வாசித்தார். "எனக்குப் பயம் இல்லை. நான் மூட்டை தூக்கிப் பழகியவன்."

கட்டை விரலைத் தூக்கப் போனேன். பிறகு தட்டினேன்.

அவர் என்னைப் பார்த்தார். அந்த வரியை அடித்தார். மேலே 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று எழுதி, அதை வாசித்தார். கட்டை விரலைத் தூக்கினேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. செண்பகத்திடமும் சொன்னதில்லை. ஆனால் அன்று சாயங்காலம் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

*

குழாயை எடுத்த அன்று அவர் முதலில் கேட்டது, "எண்ணுங்க பார்ப்போம்." குரல் காற்றாக வந்தது. பதினேழு. அவர் கையைத் தட்டினார். நர்ஸ்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதன் பிறகு மாத்திரை. சாப்பாட்டுக்கு முன்னால் போட்டுக்கொண்டால் மெல்ல முடியும். ஸ்கேனில் தைமஸ் சுரப்பி (நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் சின்னச் சுரப்பி) வீங்கியிருந்தது. உடம்பு தேறிய சில மாதத்தில் நெஞ்செலும்பை அறுத்து அதை எடுத்தார்கள். கம்பி போட்டுக் கட்டிய நெஞ்சு. இருமும்போது தலையணையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அறுவைக்கு முன்னால் சீஃப் டாக்டர் எல்லாவற்றையும் விளக்கினார். முடிவில் கேட்டார்.

"ஏதாவது கேட்கணுமா?"

எப்போதும்போல ஒன்றுமில்லை என்று வாய் வரை வந்தது. பிறகு கேட்டேன்.

"மூட்டை தூக்கலாமா டாக்டர்?"

"நிறைய நாளைக்குக் கூடாது. அப்புறமும் முன்ன மாதிரி முடியாது. உண்மையைச் சொல்லணும் இல்லையா."

"சொல்லணும்," என்றேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கு இரண்டு விஷயம். உடம்பு எந்த நேரத்தில் கெடுகிறதோ அந்த நேரத்தில் டாக்டரிடம் போங்கள். அந்த நேரத்தில் அவர் இல்லாவிட்டால், முகத்தைப் போனில் படம் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். இரண்டாவது, இந்த நோய் உள்ளவர்களுக்குச் சில சாதாரண மருந்துகள் ஆகாது. பல் பிடுங்கப் போனாலும், காய்ச்சலுக்குப் போனாலும் முதலில் நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள். சட்டைப் பையில் எழுதி வைத்திருங்கள். நான் வைத்திருக்கிறேன்.

*

அஷ்ரஃப் இக்கா வீட்டுக்கு வந்தார். கூட்டத்தில் எல்லோரும் வந்தார்கள். எங்கள் வீட்டில் அத்தனை பேர் உட்கார இடம் இல்லை. பாதிப் பேர் சந்தில் நின்றார்கள். இக்கா பழக்கூடையை வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் உன்னை ஊதச் சொன்னேன்," என்றார்.

"ஆமா இக்கா."

"நீ அன்னைக்கே ரெண்டு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாம்."

"நாக்கு வரல."

செண்பகம் உள்ளேயிருந்து சொன்னாள்: "நாக்கு நல்லா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாரு இக்கா. இந்த மனுசனுக்குச் சொல்ல வைக்கணும்னா தப்பாக் கதை எழுதணும்."

சந்தில் நின்றவர்கள்வரை சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது மணி ஏழு இருக்கும். யாரும் பின்னால் நகரவில்லை. செண்பகம் கதவோரம் வந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இக்கா எனக்கு ஒரு வேலை வைத்திருந்தார். கிட்டங்கி வாசலில் நின்று, லாரியில் ஏறுகிற மூட்டையைச் சத்தம் போட்டு எண்ண வேண்டும். தூக்க வேண்டாம். குரல்தான் வேண்டும். எண்ணிக்கை சொல்கிறவன் குரல் கடைசி ஆள்வரை கேட்க வேண்டும், மாலைவரை தெளிவாக இருக்க வேண்டும்.

"முடியுமா?" என்று கேட்டார்.

முதல் நாள் பயந்துகொண்டே நின்றேன். "லாபம்" என்றதும் பலகையில் ஏறிக்கொண்டிருந்தவன் மூட்டையோடு திரும்பிப் பார்த்துச் சிரித்தான். மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொண்டேன். நடுவில் உட்கார்ந்துகொண்டேன். வெயில் சாய்ந்தது. குரல் இருந்தது.

நோய் போய்விடவில்லை. அடங்கியிருக்கிறது. முன்பு உடம்பை நான் கேட்டதே இல்லை, ஓட்டினேன். இப்போது கேட்டுக் கேட்டு நடத்துகிறேன். முன்பு எனக்கு நாள் என்றால் காலை. வெயில் சாய்ந்தால் ஒளிந்துகொள்ள வேண்டிய நேரம். இப்போது சாயங்காலம் படகுத்துறைப் பக்கம் போய் உட்காருகிறேன். படகு வருவதையும் போவதையும் பார்க்கிறேன். பொறாட்டா தின்கிறேன். சுவர் பக்கம் திரும்பாமல்.

*

அனகா டாக்டரின் பயிற்சி வருடம் முடியும் நேரத்தில், வகுப்பில் கதையை வாசிக்க எங்களைக் கூப்பிட்டார்கள். செண்பகம், ரம்யா, இக்கா எல்லோரும் போனோம். குஞ்ஞப்பன் சேட்டனும் கும்பளங்கியிலிருந்து வந்துவிட்டார், யாரும் கூப்பிடாமலே. அறை முழுக்க இளம் டாக்டர்கள். சாயங்காலம்தான் வகுப்பு. நான் கேட்டுக்கொண்டது அது.

அவர் இரண்டையும் வாசித்தார். முதலில் தப்பான கதை. பிறகு திருத்திய கதை. பயம் என்ற வரி வந்தபோது செண்பகம் என் கையைப் பிடித்தாள். நான் கையை எடுக்கவில்லை.

வாசித்து நிறுத்தினார். டீச்சர் கேட்டார்.

"கடைசி வரி எங்கே அனகா?"

"அது அவர்கிட்ட இருக்கு டீச்சர். நான் எழுதினா தப்பாப் போயிடும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பேசச் சொன்னார்கள். எனக்குப் பேச்சு வராது. எழுந்து நின்றேன்.

"டாக்டரே, உங்களுக்கு எவ்வளவு வரும்னு சொன்னீங்க?"

அவருக்குப் புரிந்துவிட்டது. "நாப்பது," என்றார்.

மூச்சை இழுத்தேன். நெஞ்சுக்கம்பி வரை போனது.

"லாபம்," என்றேன். இளம் டாக்டர்கள் சிரித்தார்கள். இரண்டு, மூன்று, நான்கு. சிரிப்பு நின்றது. இக்கா விரல் மடக்க ஆரம்பித்தார். பதினொன்றைத் தாண்டியபோது ரம்யா வாயைப் பொத்திக்கொண்டாள். இருபதில் பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். முப்பதில் குஞ்ஞப்பன் சேட்டன், "விடாதே சங்கரா!" என்று கத்தினார். முப்பத்தைந்தில் குரல் நூலாக இளைத்தது. அறுந்துபோகவில்லை. அனகா டாக்டர் பேனாவைத் திறந்து, தாளில் காலியாக விட்ட இடத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

நாற்பத்து மூன்று.